ஆன்லைனில் டாக்டரைப் பார்த்து எடைக் குறைப்பு மருந்து வாங்குவது எப்படி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பதைத்தான். அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி விசாரித்து முடிவு சொல்லப்போவது யார், உங்கள் உடம்புக்கு எந்த மருந்து ஒத்துவரும், அது எந்த மருந்தகத்திலிருந்து வருகிறது, போட ஆரம்பித்த பிறகு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பிறகு விலையைப் பார்க்கலாம்.

ஆன்லைன் வைத்தியமே தப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உடல் பருமன் நீண்ட காலம் கூடவே வரும் நோய், அதற்கு மாதாமாதம் டாக்டரோடு தொடர்பு வேண்டும், அந்தத் தொடர்புக்கு வீடியோ அழைப்பு நன்றாகவே பொருந்துகிறது. நேரில் போனால் எடையைப் பற்றி ஏளனமாக ஏதாவது கேட்க வேண்டியிருக்குமோ என்ற பயத்திலேயே வருடக்கணக்கில் டாக்டர் பக்கம் போகாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நல்ல சேவையும் மோசமான சேவையும் திரையில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: "உங்களுக்கு இந்த மருந்து வேண்டாம்" என்று சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா? என்ன பதில் கொடுத்தாலும் ஐந்தாவது கேள்வியில் பணம் கட்டும் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் படிவம் என்றால் அது கடை. அங்கே வைத்தியம் நடக்கவில்லை.

மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்

இன்று எல்லோரும் பேசுவது ஜிஎல்பி-1 வகை மருந்துகளைப் பற்றித்தான். செமாகுளூட்டைட் என்பது மருந்தின் பெயர். சர்க்கரை நோய்க்கான பிராண்டு ஒசெம்பிக், எடைக்கான பிராண்டு வெகோவி. டிர்செபடைட் என்பது மௌஞ்சாரோ, சில நாடுகளில் எடைக்கென்றே ஜெப்பவுண்ட் என்ற பெயரிலும் வருகிறது. இவை இரண்டும் வாரத்துக்கு ஒரு ஊசி. லிராகுளூட்டைட், அதாவது சாக்செண்டா, தினமும் போட வேண்டியது. சாப்பிட்ட பிறகு குடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன: வயிறு மெதுவாகக் காலியாகிறது, மூளையில் பசி உணர்வு அடங்குகிறது, கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்று தோன்றுகிறது.

பலன் உண்மைதான். 2021-இல் வெளியான ஸ்டெப்-1 என்ற ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். செமாகுளூட்டைட் போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2022-இல் வந்த சர்மவுண்ட்-1 ஆய்வில் டிர்செபடைட்டின் அதிகபட்ச டோஸில் 72 வாரங்களுக்குச் சுமார் 21 சதவீதம். இரண்டிலும் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்த்தே கொடுத்தார்கள். இவை சராசரிகள் என்பதையும் மறக்க வேண்டாம், சிலருக்கு இதைவிட அதிகம் குறைந்தது, சிலருக்கு ஒன்றுமே பெரிதாக நடக்கவில்லை. ஒரே மாதத்தில் இத்தனை கிலோ என்று உறுதி கொடுக்கிற விளம்பரத்தைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஊசிதான் என்றில்லை, மாத்திரைகளும் உண்டு. ஆர்லிஸ்டாட் உணவிலுள்ள கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. நால்ட்ரெக்சோனும் புப்ரோபியானும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களும் ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்களும் அதைத் தொடக்கூடாது. ஃபென்டெர்மின் பசியைக் குறைக்கும், ஆனால் பொதுவாகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே தருவார்கள், இதய நோய் இருந்தால் தரமாட்டார்கள்.

"மூலிகை", "முற்றிலும் இயற்கை" என்று விற்கும் மெலியவைக்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிபுட்ராமைன் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் லேபிளில் சொல்லாமல் அதைக் கலந்த மாத்திரைகளை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. மருந்துச் சீட்டு கேட்கும் மருந்தைப் பார்த்துப் பயந்து இந்தப் பக்கம் போகிறவர்கள் ஆபத்தான பக்கத்துக்கே போகிறார்கள்.

படி 1: உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்

பொதுவான விதி இது: பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை போல எடையோடு தொடர்புடைய ஏதாவது ஒன்று. கணக்கு சுலபம், கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் போதும். 1.65 மீட்டர் உயரமும் 82 கிலோவும் என்றால் 30-ஐ ஒட்டி வரும். ஆசிய வம்சாவளியினருக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை, இதய நோய் ஆபத்து தொடங்குவதால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே 23, 27.5 என்ற குறைந்த எல்லைகளைச் சுட்டிக்காட்டியது. பல மருத்துவர்கள் அதையும் கணக்கில் எடுப்பார்கள். எனவே 26 என்று வந்ததும் நமக்கில்லை என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

எடையைக் கூட்டிப் போட்டால் சீட்டு கிடைத்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தேவையில்லாத உடம்பில் இந்த மருந்தின் நன்மையைவிட ஆபத்து அதிகமாகலாம். பிரிட்டனில் மருந்தகங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் 2025 பிப்ரவரியில் ஒரு விதியே கொண்டுவந்தது: ஆன்லைன் மருந்தகங்கள் வெறும் கேள்வித்தாளை நம்பி எடை மருந்து தரக்கூடாது, உயரம், எடை, பிஎம்ஐ எல்லாவற்றையும் வீடியோ அழைப்பிலோ நேரிலோ மருத்துவப் பதிவேட்டிலோ பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உங்களை எடை மேடையில் நிற்கச் சொல்லிக் கேமராவில் காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, யாருக்கு ஆகாது என்பது. இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கோ ரத்த சொந்தங்களுக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய் இருந்தால், செமாகுளூட்டைட்டும் டிர்செபடைட்டும் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. செமாகுளூட்டைட் உடம்பை விட்டுப் போக நாளாகும் என்பதால் கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், வயிறு காலியாவதில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மனநலச் சிக்கல் இருந்தவர்கள், இவர்கள் எல்லாம் படிவத்தோடு நிற்காமல் டாக்டரிடம் விரிவாகப் பேசியே ஆக வேண்டும். இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா என்ற வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், பழைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும்.

படி 2: பேசுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும், கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் வைட்டமின் உட்பட. ஒவ்வாமைகள். பழைய அறுவை சிகிச்சைகள். சமீபத்திய ரத்தப் பரிசோதனை, அதில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு இருந்தால் நல்லது. ரத்த அழுத்த அளவு. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் கட்டி, புற்றுநோய் என்று பேச்சு இருந்தால் அது எந்த வகை என்று முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள், "தைராய்டு ஆபரேஷன் நடந்தது" என்பது மட்டும் டாக்டருக்குப் போதாது.

படி 3: சேவையைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அரை மணி நேரம் தேடிப் பார்த்தாலே பாதி இடங்கள் தானாகக் கழிந்துவிடும்.

முதலில் டாக்டரின் பெயர். "எங்கள் மருத்துவக் குழு" என்று இருந்தால் போதாது. உங்களுக்குச் சீட்டு எழுதப்போகிறவரின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் கிடைக்க வேண்டும். உங்கள் நாட்டின் மருத்துவக் கவுன்சில் தளத்தில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இருக்கிறாரா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் நோயாளி எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தில் வைத்தியம் பார்க்க உரிமம் உள்ள டாக்டர்தான் சீட்டு எழுதலாம் என்று சட்டம், அதனால் வேறு நாட்டு டாக்டரின் கையெழுத்தைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

பிறகு மருந்தகம். டாக்டர் ஒரு இடம், மருந்து வருவது இன்னொரு இடம், நீங்கள் பார்க்கும் தளம் மூன்றாவது ஆளுடையது என்பது இந்தத் துறையில் சாதாரணம். அதில் தவறில்லை, ஆனால் மருந்தகத்தின் பெயர், முகவரி, உரிம எண் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி இயங்கும் ஆன்லைன் மருந்தகங்களில் பச்சைக் கோடுகளும் வெள்ளைச் சிலுவையும் கொண்ட பொதுச் சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்த நாட்டு அரசின் பட்டியலுக்குப் போக வேண்டும். படம் மட்டும் இருந்து சொடுக்கினால் எங்கும் போகவில்லை என்றால் அது ஒட்டவைத்த படம். உங்கள் நாட்டில் என்ன முறை இருந்தாலும் இதே வழிதான்: சின்னத்தை நம்பாதீர்கள், அரசுப் பதிவேட்டில் நீங்களே போய்ப் பாருங்கள்.

உடனே விலக வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. மருந்துச் சீட்டு தேவையில்லை என்று சொல்வது. செயலியில் தனிச்செய்தி அனுப்பி விற்பது. கிரிப்டோவிலோ தனி ஆளின் கணக்கிலோ பணம் கேட்பது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டிய பொடிக் குப்பிகள்: இவை மனிதர்கள் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்படுவதே இல்லை, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கிருமி இல்லாமல் இருக்கிறதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மற்ற எல்லா இடத்தையும் விடப் பாதி விலை. பத்து நிமிடத்தில் தள்ளுபடி முடிகிறது என்று ஓடும் கடிகாரம்.

போலி மருந்து பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் போலி ஒசெம்பிக் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்று இடத்திலும் 2023-இல் கண்டுபிடிக்கப்பட்டவை அவை. அதே 2023-இல் ஆஸ்திரியாவில் போலி என்று சந்தேகிக்கப்படும் ஊசி போட்ட சிலர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள், பேனாவுக்குள் (மருந்து நிரப்பி வரும் பேனா வடிவ ஊசி) இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்து அமைப்பு சொன்னது. சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் எடை மருந்து என்று நினைத்து இன்சுலினை ஏற்றிக்கொள்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

சந்தா விதிகளையும் படியுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பார்களா, டாக்டர் மருந்து வேண்டாம் என்று சொன்னால் கட்டிய தொகை திரும்ப வருமா, நிறுத்துவது எப்படி? வேண்டாம் என்று சொன்னாலும் முழுத் தொகையும் போய்விடும் என்றால் நீங்களே டாக்டரை வற்புறுத்தும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். தகவல் பாதுகாப்பும் முக்கியம்: 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆன்லைன் மருத்துவச் சேவைகள் சிலவற்றின் மீது, பயனர்களின் உடல்நலத் தகவல்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக நடவடிக்கை எடுத்தது. உங்கள் தகவல் யார் யாருக்குப் போகும் என்று ஒரு பக்கம் இருக்கும், அதை மட்டுமாவது பாருங்கள்.

படி 4: டாக்டருடன் பேசும்போது

வீடியோ அழைப்பு உள்ள சேவையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. எழுத்தில் மட்டும் கேள்வி பதில் நடத்திச் சீட்டு தருவது சில இடங்களில் சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் முதல்முறை ஆரம்பிப்பவருக்கு நேருக்கு நேர் பேச்சு வேண்டும். "இரவில் குறட்டை வருமா?", "மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததுண்டா?", "இதற்கு முன் எடை குறைத்து மறுபடி ஏறியதா?" என்றெல்லாம் துருவிக் கேட்கும் டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மது உட்பட.

நீங்கள் கேட்க வேண்டியவை: எனக்கு ஏன் இந்த மருந்து, வேறு எது பொருந்தும்? என்ன அளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவீர்கள்? அடுத்து எப்போது பேசுவோம்? ராத்திரி வாந்தி நிற்கவில்லை என்றால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? எத்தனை மாதத்தில் பலன் இல்லை என்றால் நிறுத்துவோம்? கடைசி இரண்டு கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அப்புறம், உங்கள் குடும்ப டாக்டருக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு டாக்டர் தருவது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

படி 5: சீட்டு கையில் வந்ததும்

மருந்தின் பெயர், வலிமை, ஒரு முறைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை வாரத்துக்கு என்று எல்லாம் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் அந்தச் சீட்டை நீங்கள் வழக்கமாகப் போகும், நேரில் போய்ப் பேசக்கூடிய மருந்தகத்திலேயே கொடுத்து வாங்குங்கள். நல்ல சேவைகள் இதற்குத் தடை சொல்வதில்லை. "எங்களிடம்தான் வாங்க வேண்டும், சீட்டை வெளியே தரமாட்டோம்" என்றால் காரணம் கேளுங்கள்.

பார்சலில் வருகிறது என்றால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகவிடாதீர்கள். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. பெட்டியைத் திறந்ததும் ஐஸ் பை இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போட்டோ எடுத்து மருந்தகத்துக்கு அனுப்பி, அவர்கள் பதில் சொல்லும்வரை பயன்படுத்த வேண்டாம். அட்டைப்பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் பேனாவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, காலாவதி தேதி ஒத்துப்போகிறதா, எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, எளிதில் உரியும் லேபிள் ஏதாவது உண்டா, உள்ளே தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, மருந்து கலங்காமல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும்போது உறைபனிப் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்த மருந்து உருகினாலும் ஆகாது. வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அந்தத் தாளில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

குப்பியும் சிரிஞ்சும் வந்தால்

சில இடங்களில் கம்பெனிப் பேனாவுக்குப் பதிலாக, மருந்தகமே கலந்து தயாரித்த மருந்தைக் குப்பியில் அடைத்துச் சிரிஞ்சோடு அனுப்புகிறார்கள். இப்படிக் கலந்து தயாரித்தவற்றின் பாதுகாப்பையும் தரத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனைக்கு முன் பரிசோதித்திருக்காது. அதைவிட உடனடி ஆபத்து அளவுக் குழப்பம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் எச்சரித்தது இதைப் பற்றித்தான்: குப்பியிலிருந்து தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்ட சிலர், போட வேண்டியதைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டாக்டர் சொல்வது மில்லிகிராம், 0.25 மி.கி. குப்பியில் எழுதியிருப்பது ஒரு மில்லிலிட்டரில் 5 மி.கி. கையில் இருப்பது இன்சுலின் சிரிஞ்ச், அதில் கோடுகள் யூனிட்டில் இருக்கும், 100 யூனிட் சேர்ந்தால் 1 மி.லி. இப்போது 0.25 மி.கி. வேண்டும் என்றால் 0.05 மி.லி., அதாவது 5 யூனிட், சிரிஞ்சின் அடியிலேயே முடிந்துவிடும் சின்ன அளவு. பார்த்தவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும், 0.25 என்பதை 25 என்று படித்து 25 யூனிட் வரை இழுத்துவிடுவார். அது 1.25 மி.கி., ஐந்து மடங்கு. அடுத்த மாதம் வேறு மருந்தகத்திலிருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி. உள்ள குப்பி வந்தால் அதே அளவுக்கு 10 யூனிட் எடுக்க வேண்டும், பழைய பழக்கத்தில் 5 எடுத்தால் பாதிதான் போகும். ஆகவே குப்பி வந்தால் மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் மருந்தாளுநரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, முதல் ஊசியை வீடியோவில் அவர் பார்க்கும்போது நிரப்புங்கள். அதற்கு நேரம் ஒதுக்க மாட்டோம் என்றால் அந்த மருந்தே வேண்டாம்.

என்னைக் கேட்டால், அனுமதி பெற்ற பேனா உங்களுக்குக் கிடைக்கும் என்றால் குப்பிப் பக்கமே போக வேண்டியதில்லை.

படி 6: முதல் மாதங்கள்

வெகோவி வாரத்துக்கு 0.25 மி.கி. என்று நான்கு வாரம் தொடங்கி, 0.5, 1, 1.7, பிறகு 2.4 என்று ஒவ்வொரு படிக்கும் நான்கு வாரமாவது விட்டு ஏறும். டிர்செபடைட் 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரம் கழித்து 5. முதல் மாத அளவு உடம்பைப் பழக்கத்தான், எடை பெரிதாகக் குறையாமல் போகலாம், "வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டாதீர்கள். குறைந்த அளவிலேயே நன்றாகப் போகிறது என்றால் அங்கேயே நிற்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதும் நியாயமான கேள்வி.

வாரத்தில் ஒரே நாளில் போடுங்கள். வயிறு, தொடை, மேற்கை, இந்த மூன்றில் இடம் மாற்றி மாற்றி. ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே வீசாமல் கெட்டியான, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள். பேனாவை யாரோடும் பகிர வேண்டாம், ஊசியை மாற்றினாலும் கூடாது. மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் மருந்துக்கு மருந்து வேறு: வெகோவியில் அடுத்த ஊசி போட வேண்டிய நாளுக்கு இன்னும் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம், டிர்செபடைட்டில் தவறிய நாளிலிருந்து 96 மணி நேரத்துக்குள் போடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தவறிப்போனால் நீங்களாகப் பழைய அளவில் தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இவைதான் பலருக்கும் வருவது, அளவு கூடும் வாரங்களில் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, கொழுப்பு மிகுந்ததைத் தவிர்ப்பது, போதும் என்று தோன்றியதும் நிறுத்துவது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது இவை உதவும். பசி இல்லாததால் சாப்பிடாமலே இருந்துவிடுவது பெரிய தவறு. எடையோடு தசையும் கரையும், அதனால் புரதத்தையும் எடை தூக்கும் பயிற்சி மாதிரியான தசைப் பயிற்சியையும் விடாதீர்கள்.

இவை வந்தால் ஆன்லைன் சேவையின் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்: விடாத கடுமையான வயிற்றுவலி, குறிப்பாக முதுகு வரை பரவுவது, அது கணைய அழற்சியாக இருக்கலாம். வலது மேல் வயிற்றில் வலியோடு காய்ச்சல் அல்லது கண் மஞ்சளாவது. தண்ணீர் கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைந்துபோவது, ஏனென்றால் நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் அடிபடும். முகம், தொண்டை வீங்கி மூச்சு திணறுவது. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குவது. பார்வை நரம்பைப் பாதிக்கும் நயான் என்ற பிரச்சினை செமாகுளூட்டைட்டால் மிக அரிதாக வரலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025 ஜூனில் சொல்லியிருக்கிறது. போகும்போது பேனாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆன்லைன் படிவங்களில் அடிக்கடி விட்டுப்போகும் இரண்டு விஷயங்கள். டிர்செபடைட் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம், ஆரம்பித்த பிறகு நான்கு வாரமும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகு நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு முறையையும் சேர்க்க வேண்டும். மற்றொன்று மயக்க மருந்து: வயிறு மெதுவாகக் காலியாவதால் வெறும் வயிறு என்று நினைக்கும்போதும் உள்ளே உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ எதுவாக இருந்தாலும், பல் வைத்தியத்தில் மயக்க மருந்து தந்தாலும், இந்த ஊசி போடுகிறேன் என்று முன்பே சொல்லுங்கள்.

படி 7: தொடர்வதும் நிறுத்துவதும்

முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறையாவது டாக்டரோடு பேச்சு இருக்க வேண்டும், எடை, ரத்த அழுத்தம், பக்கவிளைவு என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். எதுவும் கேட்காமல் "அளவு கூட்டியாச்சு, பார்சல் கிளம்பிவிட்டது" என்று செய்தி மட்டும் வருகிறதென்றால் வேறு டாக்டரைத் தேட நேரம் வந்துவிட்டது. எடை குறையக் குறைய ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டெப்-1 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பிறகும் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சராசரியாகத் திரும்பி வந்துவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு ஏறுவது போலத்தான் இது, யாருடைய மனவுறுதிக் குறைவும் இல்லை. ஆகவே ஒரு வருடத்துக்கு மேல் இந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். பாதியில் பணம் போதாமல் திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் மலிவான போலிகளைத் தேடிப் போகாமல் டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். குறைந்த அளவு, வேறு மருந்து, திட்டமிட்டு நிறுத்துவது என்று வழிகள் உண்டு.

சேவையை மாற்றும்போது பழைய இடத்திலிருந்து உங்கள் பதிவுகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள்: கடைசி டோஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் போட்டது, என்ன பக்கவிளைவு வந்தது. புது டாக்டர் இவை இல்லாமல் பழைய அளவில் தொடரச் சொன்னால் அவரிடமும் ஏன் என்று கேளுங்கள். போலி என்று சந்தேகமான பேனா கையில் இருந்தால் தூக்கி எறிந்துவிடாமல் பெட்டியோடு பத்திரமாக வைத்து, உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பேட்ச் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். அதே பேட்ச் இன்னும் பலருடைய ஃப்ரிட்ஜில் இருக்கலாம், அந்தப் புகாரை வைத்துத்தான் அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும்.